கக்குவான் வந்த வழி

போன மாதம் கிளினிக்கில் மருந்துக்காக உட்கார்ந்திருந்தேன். நம்மோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பிரஷர் மாத்திரை. அவருக்குச் சர்க்கரையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பழங்கதைகள் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் அவர், "அந்த அகதிச் சனம் வந்து கக்குவான் இருமலக் கொண்டாந்து உட்டுட்டுப் போச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார். முன் பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்களும் நம் வயதுதான், நம் தோட்டம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அங்கே சொல்லாமல் வந்ததை, தோட்டத்தில் கூட வளர்ந்த உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். அவர்கள் கொண்டுவரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லப்பட்டது. ஆனாலும் முதலில் பரவிய பேச்சுதான் இத்தனை வருஷமாக நம்மிடம் தங்கியிருக்கிறது.

கலவரம் நடந்த வருஷம் அது. நம் தோட்டத்துக்குள் யாரும் வரவில்லை. டவுன் பக்கம் எழும்பிய புகையை, தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்தின் படியில் நின்று பார்த்தோம். பெரியவர்கள் நம்மை உள்ளே விரட்டினார்கள். அதெல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு ஒரு நாள் மத்தியானம், கொழுந்து நிறுக்கிற நேரத்தில், தார்ப்பாய் போட்ட லொறி ஒன்று ஏறி வந்தது. பொல்பிட்டியவுக்குக் கீழே இருந்த றப்பர் தோட்டங்களில் லயத்தை எரித்துவிட்டதால் ஓடிவந்தவர்கள். மூன்று குடும்பங்கள். நம்முடைய குளிர் அவர்களுக்குப் பழக்கமில்லை. லொறியிலிருந்து இறங்கும்போதே பிள்ளைகளின் பல் கிட்டியது.

அவர்களை வரவழைத்தது என் அப்பா. அவர்தான் அப்போது தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். சங்கத்து ஆட்கள் கேட்டார்கள் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு தோட்ட மேனேஜர் தொரையின் பங்களாவுக்குப் போனார். வேலை இல்லாத ஆட்களை வைத்திருக்க முடியாது என்று தொரை சொன்னாராம். "வேலை கேக்கல தொரை, கூரைதான் கேக்குறேன்" என்று அப்பா வாசலிலேயே நின்றாராம். தொரை இறங்கி வந்து பிள்ளைக்காம்பராவைக் கொடுத்தார். கொழுந்துக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பினாயிலும் புளித்த பாலும் கலந்த ஒரு வாசம் அங்கே நிரந்தரமாக இருக்கும். தொட்டில்களைக் கழற்றிப் பள்ளிக்கூட விறாந்தையில் கட்டினார்கள்.

அந்த மூன்று குடும்பங்களில் ஒன்றில் ஆம்பிளை இல்லை. நாங்கள் "றப்பர் தோட்டத்து அக்கா" என்று சொன்னது அந்த அம்மாவைத்தான். புருசன் கையில் தீக்காயத்தோடு கீழே எங்கோ ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா மூத்த மகளையும், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத ஆண்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் ஓர் அலுமினியக் குடம். அதற்குள் பிள்ளையின் துணிகள். வேறு ஒன்றும் கிடையாது.

மகளுக்கு என் வயது. அவளுடைய கவுன் பையில் றப்பர் விதைகள் இருந்தன. நம்மில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பழுப்பு நிறத்தில், வழுவழுவென்று, மேலே கறுப்புக் கோலம் போட்டதுபோல இருக்கும். சீமெந்துத் தரையில் தேய்த்துக் கையில் வைத்தால் சுடும். சுட்டுவிட்டுச் சிரிப்பாள். ஓடும்போது அவற்றையா அள்ளிக்கொண்டு வந்தாய் என்று நான் கேட்டேன். "அள்ளல, பையில ஏற்கெனவே கெடந்துச்சு" என்றாள். எனக்கு நாலு விதை கொடுத்தாள்.

முதல் நாள் சாயங்காலமே அம்மா எங்களுடைய இரண்டு கம்பளிகளில் நல்லதை மடித்து எடுத்துக்கொண்டு, ஒரு போணி கஞ்சியோடு அங்கே போனார். நானும் தம்பியும் கூடவே போனோம். தம்பிக்கு அப்போது நாலு வயது ஆகவில்லை. அந்தக் கைப்பிள்ளையைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. தினமும் போவான். தொட்டிலைப் பிடித்துக்கொண்டு முகத்தோடு முகம் வைத்துப் பேசுவான். அக்கா, "பெரியாளு வந்துட்டாருடா" என்று பிள்ளையிடம் சொல்வார்.

தம்பிக்கு அப்போது சளி இருந்தது. அந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்குத்தான் மூக்கு ஒழுகவில்லை. லொறி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பட்டிப்பொலையில் ரயில்வேயில் வேலை செய்த மாமா வீட்டுக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஸ்டேஷன் குவாட்டர்சில் பிள்ளைகள் எல்லாம் ஒரே இருமல். பட்டிப்பொலைக் குளிருக்கு இருமாமல் என்ன செய்யும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாங்கள் திரும்பி வந்து சில நாளில் தம்பி இருமத் தொடங்கினான். அம்மா கோடாலித் தைலம் தடவி, தலையில் துணியைக் கட்டிவிட்டார். அவ்வளவுதான்.

அக்காவும் மகளும் வந்து சேர்ந்து இரண்டு மூன்று வாரத்தில் நம் லயங்களில் இருமல் பிடித்தது. உங்களுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது. தொடர்ந்து இருமி இருமி, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கூவல் வரும். கண் பிதுங்கும். பிறகு குடித்தது எல்லாம் வாந்தியாக வெளியே வரும். ஒரு காம்பராவில் அடங்கினால் அடுத்த காம்பராவில் தொடங்கும். இடையில் வெறும் பலகைச் சுவர்தான். கக்குவான் என்று வயதானவர்கள் பெயர் சொன்னார்கள். பெயர் தெரிந்ததும் அடுத்த கேள்வி, யார் கொண்டுவந்தது என்பதுதான்.

அதற்குப் பதில் தேட யாரும் தூரம் போகவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அக்கா குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். மகள் பள்ளிக்கூடத்துக்கு வந்த மூன்றாம் நாள் அவளைத் தனிப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா என் கையிலிருந்த விதைகளைப் பார்த்துவிட்டு, "அதுலயும் நோய் ஒட்டியிருக்கும்" என்று பிடுங்கி அடுப்பில் போட்டார். அவை ஒவ்வொன்றாக வெடித்தன.

ஒரு நாள் காலையில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பெண்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தலைவரே, வந்த சனத்த யோசிச்சீங்க. எங்க புள்ளைங்கள யோசிச்சீங்களா?"

"என்ன செய்யச் சொல்றீங்க? அந்தக் கைப்புள்ளக்காரிய எங்க அனுப்புறது?"

"அனுப்பச் சொல்லல. தள்ளி வைங்க."

அப்பா அன்றைக்கு முடிவு சொல்லவில்லை. அடுத்த நாள் சொன்னார். ஸ்டோருக்குப் பின்னால் உரம் அடுக்கி வைக்கிற காம்பராவில் அந்த மூன்று குடும்பமும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். அந்த இடத்தின் நெடி நினைவிருக்கிறதா? உள்ளே நுழைந்தால் கண் எரியும். சீமெந்துத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். அப்பாவே போய் அக்காவிடம் சொன்னார். நான் அவர் பின்னால் நின்றேன்.

"கொஞ்ச நாளைக்குத்தான் தங்கச்சி."

"சரிங்கண்ணே. மேல ஒரு கூரை இருக்குல்ல" என்று அக்கா குடத்தை எடுத்துக்கொண்டார். அவர் கோபப்பட்டிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து தம்பியை அங்கே விடவில்லை. அவன் எங்கள் காம்பராவில் கிடந்து இருமினான். அம்மா ஒரு பானையில் யூக்கலிப்டஸ் இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கச் செய்வார். அவனுடைய முதுகைத் தடவிக்கொண்டே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும். அம்மாவின் மனதில் அப்போதே கணக்கு ஓடியிருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பட்டிப்பொலை முதலா, லொறி முதலா என்ற கணக்கு.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தோட்டத்துப் பிள்ளைகள் யாருக்கும் அப்போது ஊசி போட்டிருக்கவில்லை. ஊசி இல்லாமலில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து, மிஸ்ஸி என்று நாம் சொல்லும் நர்ஸ் ஒருவர் ஐஸ் பெட்டியோடு வருவார். சிங்கள மிஸ்ஸி. டிஸ்பென்சரியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு அதே பெட்டியோடு திரும்பிப் போவார். யாரும் பிள்ளையைக் கொண்டுபோகாததற்குக் காரணம் என் அப்பா.

அப்பாவின் தங்கை, என் அத்தை, இரண்டாவது பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர். பிள்ளை தங்கவில்லை. வலியோடு கிடந்தவரிடம் கைநாட்டு வாங்கி, இனிமேல் பிள்ளை பிறக்காதபடி ஆபரேஷன் செய்து அனுப்பிவிட்டார்கள். என்ன செய்தார்கள் என்றே அவருக்குச் சொல்லவில்லை. வருஷக்கணக்காக வேண்டுதல் வைத்துக் காத்திருந்த பிறகுதான் தெரிந்தது. பிறகு அந்த வீட்டில் என்னென்ன நடந்தது என்று உங்களில் சிலருக்குத் தெரியும். அப்பா அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி ஆட்கள் கொண்டுவரும் எதையும் நம்பவில்லை. "நம்ம சனத்த கொறைக்கப் பாக்குறாங்க. எந்த ஊசியும் வேணாம்" என்று கூட்டத்தில் சொன்னார். தோட்டமே கேட்டது. அப்பாவை முட்டாள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் பட்டது உண்மை. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த இடம்தான் தப்பு.

கக்குவான் செய்தி தொரைக்குப் போனதும், வந்தவர்களைச் சோதிக்கும்படி ஆள் அனுப்பினார். அந்த மிஸ்ஸிதான் வந்தார். மொழிக்குத் துணையாக நம் டிஸ்பென்சர் ஐயா. உரக் காம்பராவுக்கு வெளியே தகரச் சார்ப்பின் கீழே ஒரு மேசை போட்டார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நாம் எல்லோரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தள்ளி நின்று வேடிக்கை பார்த்தோம்.

மிஸ்ஸி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். விரலிடுக்கில் சிரங்கு இருக்கிறதா, தலையில் பேன் இருக்கிறதா, நெஞ்சில் இரைச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். பூச்சி மாத்திரை கொடுத்தார். பெரியவர்களிடம் சளியில் இரத்தம் வருகிறதா என்று கேட்டார். றப்பர் தோட்டத்து அக்காவின் மகள் முறை வந்தபோது அவளுடைய கவுன் கையை மேலே தள்ளினார். தோளுக்குக் கீழே பொத்தான் அளவுக்கு ஒரு தழும்பு இருந்தது.

"கார்ட் எங்க?" என்று கேட்டார்.

"வீட்டோட எரிஞ்சிருச்சு மிஸ்ஸி. ஆனா இவளுக்குப் பொறந்தப்பவே கையில போட்டாங்க. பொறகு தொடையில மூணு தடவ. ஒவ்வொரு தடவையும் காய்ச்சல்ல அழுவா. நாக்குல சொட்டு மருந்தும் குடுத்தாங்க. கிளினிக்கு எங்க லயத்துக்குப் பக்கத்துலதான்."

மற்ற இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அதே தழும்பு. அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட இருமவில்லை. அதை மிஸ்ஸி கவனித்திருக்கிறார், நாம் யாரும் கவனிக்கவில்லை. அவர் பேனாவை மூடிவிட்டு நம் பக்கம் திரும்பி, "அந்தப் புள்ளைங்கள கூப்பிடுங்க" என்றார்.

அப்பா முன்னால் வந்தார். "எங்களுக்கு எதுக்கு? நோயோட வந்தது அவங்க."

"யார்ட புள்ளைக்கு முதல் இருமல் வந்தது?" மிஸ்ஸியின் தமிழ் அவ்வளவுதான். ஆனால் கேள்வி எல்லோருக்கும் விளங்கியது.

பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து அம்மா வந்தார். தம்பியை இடுப்பில் வைத்திருந்தார். அப்பாவைப் பார்க்காமல் நேரே மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"எம்புள்ளைக்குத்தான் மிஸ்ஸி. இவங்க லொறி வர்றதுக்கு முந்தியே இருமுனான். பட்டிப்பொலைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து."

"ஏ புள்ள" என்றார் அப்பா.

"இருமுனானா இல்லியா, சொல்லுங்க" என்று அம்மா திரும்பிக் கேட்டார். அப்பாவை அப்படி எதிர்த்துக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மா பேசி முடித்த கொஞ்ச நேரத்தில்தான் அக்காவின் மடியில் இருந்த கைப்பிள்ளை இருமியது. கூவல் எதுவும் வரவில்லை. சின்னதாக இரண்டு மூன்று இருமல், அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அக்கா குனிந்து பார்த்தார். பிள்ளையின் உதடு ஊதா நிறமாகியிருந்தது. கை விறைத்திருந்தது.

மிஸ்ஸி மேசையைத் தள்ளிவிட்டு வந்து பிள்ளையை வாங்கினார். தன் முழங்கையில் குப்புறக் கிடத்தி, வாயில் விரலை விட்டுக் கோழையை வழித்து எடுத்து, முதுகில் தட்டினார். "ஹுஸ்ம கண்ட புதா, ஹுஸ்ம கண்ட" என்று சொல்லிக்கொண்டே தட்டினார். மூச்சு விடு மகனே என்று அர்த்தம். நாம் எல்லோரும் அதுவரைக்கும் தள்ளி நின்றவர்கள், எப்போது பக்கத்தில் வந்தோம் என்று தெரியவில்லை. பிள்ளை ஒரு தடவை விம்மியது. பிறகு அழுதது. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முன்னாடியும் இப்படி வந்ததா?" என்று டிஸ்பென்சர் ஐயா கேட்டார்.

"ரெண்டு நாளா. சொன்னா இங்கருந்தும் போகச் சொல்லுவாங்கன்னு சொல்லல."

கொழுந்து ஏற்றிப் புறப்பட்ட லொறியை அப்பாதான் ஓடிப்போய் நிறுத்தினார். சாக்குகளை அவரே இழுத்துக் கீழே போட்டார். மிஸ்ஸியும் அக்காவும் முன்னால் ஏறினார்கள். அம்மா தம்பியை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறினார். அக்காவின் மகளையும் நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். நேரே எங்கள் காம்பராவுக்கு. அப்பா தடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

புறப்படும் முன் மிஸ்ஸி டிஸ்பென்சர் ஐயாவிடம் சிங்களத்தில் என்னவோ சொன்னார். ஐயா அதை அன்றைக்குச் சாயங்காலம் லயத்தில் வந்து சொன்னார். "அந்தப் பச்சப்புள்ளைக்கு ஊசி போடுற வயசு இன்னும் வரல. சுத்தி இருக்குற புள்ளைங்க போட்டிருந்தா அதுகிட்ட நோய் போயிருக்காது. அதத்தான் சொல்லச் சொன்னாங்க." இருமும் பிள்ளைகளுக்கெல்லாம் இளஞ்சிவப்பில், தேன்போல ஒரு பாணி மருந்து கொடுத்தார். கசக்கும், ஆனால் வாழைப்பழ வாசம் அடிக்கும்.

அம்மா ஆஸ்பத்திரியில் அக்காவோடு தங்கிவிட்டார். ஓர் ஆள் தூங்கும்போது ஓர் ஆள் பிள்ளையின் மூச்சைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். வேலைக்கு வராவிட்டால் அம்மாவின் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று கங்காணி வந்து சொன்னபோது, "வெட்டட்டும்" என்றார் அப்பா. எங்கள் மூன்று பேருக்கும் அவர்தான் ரொட்டி சுட்டார். நடுவில் வேகாது, ஓரம் கருகும். அக்காவின் மகள் ஒரு நாள் அவர் கையிலிருந்து மாவை வாங்கி, "தள்ளுங்க மாமா" என்று தானே தட்டினாள். அன்றிலிருந்து நல்ல ரொட்டி தின்றோம். ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். பிள்ளை எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். "பால் குடிக்கிறான்" என்றார். அதைச் சொல்லிவிட்டு வெளியே போய் வாசல் திண்ணை இஸ்தோப்பில் வெகுநேரம் நின்றார்.

அதற்கு அடுத்த நாள் அவர் உரக் காம்பராவுக்குப் போய், மற்ற இரண்டு குடும்பத்தையும் பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பக் கூட்டிவந்தார். அக்காவின் குடத்தையும் துணிகளையும் மட்டும் எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்து, முன்பக்கத்தில் படங்குச் சாக்கைக் கட்டி மறைத்து இடம் செய்தார். பெண்கள் யாரும் அவரிடம் கேள்வி கேட்கவில்லை. சிலர் விறகு கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பிள்ளை உயிரோடு திரும்பியது. இளைத்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அடுத்த தை பிறந்து கொஞ்ச நாளில், அக்காவின் புருசன் வவுனியாப் பக்கம் ஒரு துண்டு காணி கிடைத்ததென்று ஆள் அனுப்ப, அவர்கள் போய்விட்டார்கள். பிறகு அங்கே நடந்ததெல்லாம் நமக்குத் தெரியும். அவர்களுக்கு என்ன ஆனது என்று மட்டும் எனக்குத் தெரியாது. அம்மா சாகும்வரை அந்தப் பக்கத்து ஆள் யாரைப் பார்த்தாலும் விசாரித்தார்.

அவர்கள் போவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தீபாவளி கழிந்து, மிஸ்ஸி ஐஸ் பெட்டியோடு மறுபடி வந்தார். டிஸ்பென்சரி முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். ஆனால் யாரும் முதலில் போகவில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள். அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு மேசை வரைக்கும் போனார். அங்கே நின்றுவிட்டார்.

"இவனுக்குத்தான் கக்குவான் வந்து போயிருச்சே. இனி எதுக்கு?"

"இதே ஊசியில வேற ரெண்டு நோய்க்கும் மருந்து இருக்கு" என்றார் டிஸ்பென்சர் ஐயா.

"இது அந்த மாதிரி ஊசி இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டிஸ்பென்சர் ஐயா அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். மிஸ்ஸிக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தார். "அண்ணே" என்றார். "மூத்தவ வயித்துல இருந்தப்ப எனக்கும் ஊசி போட்டாங்க. பொறந்ததும் அவளுக்கும் போட்டாங்க. அதுக்கப்புறம்தானே இவன் பொறந்தான். எனக்கு ஒண்ணும் ஆகலண்ணே."

அப்பா அவர் பக்கம் திரும்பினார். தம்பி அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டான். அப்பா அவன் முதுகில் கையை வைத்து அணைத்துக்கொண்டார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை.

"என்னால புடிச்சுக்க முடியாது தங்கச்சி. நீங்க புடிச்சுக்குங்க."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனால் அவர் கையில் கைப்பிள்ளை இருந்தது. அதை நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டார். அக்கா தம்பியை மடியில் வைத்து, அவன் கால்களைத் தன் முழங்காலுக்கு நடுவில் பிடித்து, கண்ணைத் தன் நெஞ்சோடு மறைத்து, "பெரியாளு அழுவாரா, அழ மாட்டாரு" என்றார். தம்பி தோட்டமே கேட்க அழுதான். மிஸ்ஸி பஞ்சை வைத்து அழுத்தினார். பின்னாலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முன்னால் வரத் தொடங்கினார்கள். எனக்கு அடுத்த முறை. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டே அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் கூட்டத்துக்கு நடுவில், கம்பளியில் சுற்றிய அந்தப் பிள்ளையோடு நின்றார். பிள்ளை இருமியது. பக்கத்தில் நின்றவர்கள் பழக்கத்தில் ஓரடி விலகினார்கள். அப்பா விலகவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. பிள்ளையைத் தோளில் சாய்த்து, அது மறுபடி மூச்சு விடுகிற வரைக்கும் மெதுவாக முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.